பதினேழாம் விமானத்தின் நண்டு நடை

பதினேழாம் எண் விமானம் ஏன் நண்டு போலப் பறக்கிறது என்பது தாயிஸியாவுக்குப் பிடிபடவில்லை.

தலையைத் திருப்பிப் பார்த்தாள். தொப்பியில் மாட்டியிருந்த சிறு கருவி அந்த அசைவைப் பிடித்து, திரையிலிருந்த காட்சியையும் பின்பக்கம் திருப்பிக் கொடுத்தது. வலப்புறம் சற்றுப் பின்னால் அது வந்துகொண்டிருந்தது: குளிர்காலத்துக்காக வெள்ளை பூசிய இல்-2 தாக்குதல் விமானம், வாலருகே சிவப்பில் பதினேழு. அதன் வலது இறக்கை தாழ்ந்திருந்தது. இறக்கை தாழ்ந்தால் விமானம் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். இது திரும்பவில்லை. மூக்கை இடப்பக்கம் நீட்டி, உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டு, நேராக வந்தது. போதாததற்கு, வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ வரிசையில் தன் இடத்தைச் சரிசெய்யும் ஒவ்வொரு முறையும் அந்த இறக்கை சட்டென்று இன்னும் கொஞ்சம் விழுந்து, பிறகு மெல்ல எழுந்தது.

வேறு யாராவது ஓட்டியிருந்தால் தாயிஸியா கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஓட்டுபவர் சாவிச். முழுசாகச் சொன்னால் யெஃபிம் சாவிச். படைப்பிரிவில் எல்லோரும் தந்தை பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடுவார்கள், வயதுக்கு மரியாதையும் ஆச்சு, நெருக்கமும் ஆச்சு. அவளுடைய இறக்கைக்கும் அவருடைய இறக்கைக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினால் தொய்யவும் தொய்யாது, அறுபடவும் அறுபடாது என்று சொல்லும்படி பறப்பவர்.

ரஷ்யாவின் பெர்ம் நகரில் அது ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்துப் பனி அழுக்காக உருகிக்கொண்டிருந்தது. மேசை ஓரத்தில் கிண்ணத்தில் பெல்மெனி என்ற இறைச்சிக் கொழுக்கட்டை ஆறிப்போயிருந்தது. திரையில் மட்டும் 1942 நவம்பர். தோன் நதிக்கு மேற்கே வெறும் புல்வெளி, வெள்ளையாக, முடிவில்லாமல்.

அவர்கள் இருபது சொச்சம் பேர், நாட்டின் மூலை முடுக்கெல்லாம் சிதறியிருப்பவர்கள். வாரா வாரம் இணைய விமான விளையாட்டு ஒன்றின் சர்வரில் கூடி, போர்க்காலத்து விமானப்படைப் பிரிவு ஒன்றை நாள் விடாமல் மறுபடி வாழ்ந்து பார்த்தார்கள். அன்று எத்தனை விமானம் கிளம்பியதோ அத்தனைதான் கிளம்பும். அன்று மேகம் எவ்வளவு தாழ்வாக இருந்ததோ அவ்வளவு தாழ்வாக இருக்கும். ஜெர்மானியர்களாக எதிரில் பறப்பவர்கள் வேறொரு சங்கத்துக்காரர்கள்; பறக்கும்போது இரு தரப்புக்கும் பேச்சே கிடையாது, எழுத்தில்கூட. சுடப்பட்டால் செத்ததுதான். அன்றைக்குத் திரும்ப உள்ளே வர முடியாது, சர்வர் கதவைச் சாத்திவிடும்.

இதையெல்லாம் விதித்தவன் ரோடியோன், சமாரா நகரத்தான், பிரிவின் கமாண்டர். அவன் மிகவும் பெருமைப்பட்ட விதி ரேடியோ விதி. அந்தக் காலத்தில் பல பிரிவுகளில் பேசும் கருவி தலைவர் விமானத்தில் மட்டும் இருந்தது. பின்னால் வருபவர்களுக்குக் கேட்கும் கருவி மட்டும்தான். ஆகவே இங்கேயும் வானத்தில் தலைவரின் மைக் மட்டும் வேலை செய்யும். மற்றவர்கள் கேட்கலாம், பேச முடியாது. புரிந்தது, சரி, ஆமாம் என்பதற்கெல்லாம் ஒரே பதில்: இறக்கைகளை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டுவது.

அன்று நான்கு விமானங்கள். தலைவி தாயிஸியா, வலப்புறம் சாவிச், இடப்புறம் கோர்தேய், அதற்கும் அப்பால் லாவ்ர் என்ற புதியவன். இலக்கை அடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இலக்கின் மேல் தரையிலிருந்து பீரங்கிகள் நன்றாகவே சுட்டன. சாவிச்சின் வால் பக்கம் ஒரு குண்டு வெடித்ததை அவள் பார்த்தாள்.

பதினேழு கோணலாக வருகிறது என்று அவள் ரேடியோவில் சொன்னபோது, தரைக் கட்டுப்பாட்டு அறையாக உட்கார்ந்திருந்த ரோடியோனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

“காயம் பட்டிருக்கு, தாயிஸியா. காயம் பட்ட பைலட் எப்படி ஓட்டுவானோ அச்சு அசலா அப்படியே ஓட்டுறாரு மனுஷன். இதைத்தான் நான் மத்தவங்களுக்குத் தலைப்பாடா அடிச்சுக்குறேன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அடிபட்டால் அடிபட்டவனாகவே நடந்துகொள்ள வேண்டும் என்பதும் பிரிவின் வழக்கம். கைக்கு அடி என்றால் அந்தக் கையை மேசைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டி வந்து இறங்கியவர்கள் உண்டு. அதற்காகக் கைதட்டு வாங்கியவர்களும் உண்டு. இந்தக் கூட்டத்தில் எது தப்பாகப் போனாலும் அது தத்ரூபம் என்று பெயர் வாங்கிவிடும்.

தாயிஸியா பெருமூச்சுவிட்டு முன்னால் பார்த்தாள். அப்புறம் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது.

கிளம்பும்போது. கிளம்பும்போதே பதினேழு ஓடுபாதையில் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. பனிக்குவியலில் மோதப்போய், கடைசி நொடியில் எப்படியோ எழும்பியது. அந்த நேரத்தில் எதிரி ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்கவில்லை. காயமே படாதவர் எந்தக் காயத்தை நடித்தார்?

அவள் பணிமனையில் ட்ராம் வண்டிகளின் மோட்டாரைப் பழுது பார்ப்பவள். ஒரு பொருள் எப்படி ஓடுகிறது என்பதைப் பார்த்து உள்ளே எது நின்றுபோயிருக்கிறது என்று யோசிப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. அதே மாதிரி யோசித்தாள். இல்-2-இன் முன்விசிறி, ஓட்டுபவர் பார்வையில் வலமாகச் சுற்றும். அது சுற்றும் விசையில் மூக்கு எப்போதும் இடப்பக்கம் போகப் பார்க்கும். அதைத் தடுக்க வலது காலால் பெடலை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முழு வேகத்தில் கிளம்பும்போது பலமாக மிதிக்க வேண்டும். பழகியவர்களுக்கு மிதிக்கிறோம் என்கிற நினைப்பே இருக்காது. வலது கால் மிதிக்காவிட்டால்? மூக்கு இடப்பக்கம் போகும். அதை ஈடுகட்ட வலது இறக்கையைத் தாழ்த்திப் பிடிக்கலாம். பிடித்தால் நண்டு மாதிரி போகும்.

கால் சரி. வேகம் மாறும்போதெல்லாம் இறக்கை ஏன் விழுகிறது? விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கைப் பிடிப்பது வலது கை. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் இடது கையில். இரண்டும் ஒரே சமயம் நடக்க இரண்டு கை வேண்டும். ஒரே கைதான் இருக்கிறது என்றால், அது ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு த்ராட்டிலுக்குப் போய், தள்ளிவிட்டு, திரும்பி வர வேண்டும். அந்த இடைவெளியில் பிடிப்பாரில்லாமல் இறக்கை விழும்.

வலது கால். வலது கை.

பணிமனையில் நோன்னா என்றொரு ட்ராம் ஓட்டுநர் இருந்தாள். ஒரு நாள் அவள் வண்டி நிறுத்தங்களில் நிற்காமல் ஊர்ந்து போய்க்கொண்டே இருந்தது. ஏறிப் பார்த்தபோது பக்கவாதம் தாக்கி, வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் புரிந்தது அவளுக்கு, ஒரு வார்த்தை வரவில்லை.

தாயிஸியா ரேடியோ பொத்தானை அழுத்தினாள்.

“சாவிச், நான் விளையாட்டுல இருக்குற பைலட்டைக் கேக்கலை. வீட்ல நாற்காலியில உக்காந்திருக்கிற உங்களைக் கேக்குறேன். வலது கையும் காலும் வேலை செய்யலையா? ஆமான்னா இறக்கையை ஆட்டுங்க.”

பதினேழு கொஞ்ச நேரம் அப்படியே வந்தது. பிறகு அதன் இறக்கைகள் அசைந்தன. அவர் வழக்கமாக ஆட்டுவது சின்னதாக, துடுக்காக இருக்கும், கண்ணடிப்பது போல. இது அப்படி இல்லை. கவிழ்ந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குப் பெரிதாக, மறுபடி மறுபடி, நிறுத்தாமல் ஆட்டினார்.

ரோடியோன் பேசியபோது கமாண்டர் குரல் போய்விட்டிருந்தது.

“எல்லாத்தையும் நிறுத்திடுறேன். சர்வரையே அணைச்சிடுறேன். அவரு போன் பண்ணிக்கட்டும்.”

“தொடாத. எந்தக் கையால போன் பண்ணுவாரு? பண்ணி என்ன பேசுவாரு? நீ அணைச்சா இந்த விமானம் போயிடும். இது போச்சுன்னா அந்த மனுஷன் உயிரோட இருக்காரா இல்லையான்னு தெரிஞ்சுக்க நமக்கு வேற வழியே கிடையாது, தோழர் கமாண்டர்.”

அவள் சொன்னது உண்மை. சாவிச்சின் போன் எண் யாரிடமும் இல்லை. எழுதினால் கணினியில் எழுதுவார், அவ்வளவுதான் தொடர்பு. மனைவி இல்லை. குடும்பப் பெயர்கூடத் தெரியாது. ரோடியோன் விதியைத் தளர்த்தி அவருடைய மைக்குக்கு உயிர் கொடுத்தான். பேசும் பொத்தான் த்ராட்டிலில் இருந்தது. அதை அழுத்த வேண்டுமென்றால் இருக்கிற ஒரே கையை ஜாய்ஸ்டிக்கிலிருந்து எடுக்க வேண்டும். நேராகப் பறந்து, கொஞ்சம் மேலே ஏறி, ஒரே ஒரு தடவை அழுத்தச் சொன்னாள் தாயிஸியா.

பதினேழு ஏறியது. அழுத்தினார்.

மூச்சுதான் முதலில் வந்தது. ஈரமான, கனமான மூச்சு. பின்னணியில் ஒரு நாய் விடாமல் குரைத்தது. பிறகு, “தோ… தோ… தோ…” என்று ஒரு குரல், வாய்க்குள் துணியை அடைத்தது போல. அது சாவிச்சின் குரல்தான் என்று நம்புவதற்கு அவளுக்குச் சில நொடிகள் ஆயின. அதற்குள் பதினேழு வலப்பக்கம் சரிந்து மூக்கைக் கவிழ்த்து விழ ஆரம்பித்திருந்தது. குரல் அறுந்தது. பனித்தரைக்கு மிக அருகில் விமானம் தள்ளாடி நிமிர்ந்தது.

இனிமேல் பொத்தான் பக்கமே போகாதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு யாருக்கும் மறுபடி கேட்கத் தைரியமும் இல்லை.

ரோடியோன் அவசர உதவிக்குப் போன் போட்டான். சுற்றிச் சுற்றி ஒரு வழியாகத் தோன் பகுதிக்கான பெண் ஒருத்தி கிடைத்தாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி: எந்த ஊர், எந்தத் தெரு, எந்த வீடு? ரோடியோனுக்குத் தெரிந்ததெல்லாம், அவர் அந்தப் பக்கத்து ஆள் என்பது மட்டும்.

“இங்க தோன் ஓரமா ஆயிரம் பேர் நாய் வளக்குறான். எனக்கு முகவரி குடுங்க” என்றாள் அந்தப் பெண். ஆனால் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

தாயிஸியாவுக்கு அப்போது சாவிச் எப்போதோ எழுதிய ஒரு கிண்டல் நினைவுக்கு வந்தது. விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று லாவ்ர் கேட்டதற்கு அவர் எழுதிய பதில்: “நான் எங்க போறது தம்பி? வாரா வாரம் நீங்க குண்டு போடுற இடத்துலதான் குடியிருக்கேன். முதல்ல நீங்க குறியைச் சரியா வைங்க.” எல்லோரும் சிரித்தார்கள். எந்த இடம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“சாவிச், உங்க வீடு இருக்குற இடம் இந்த மேப்புல இருக்கா?”

இறக்கை ஆடியது.

“அப்ப நீங்க முன்னால போங்க. உங்க வீட்டுக்கு மேல கூட்டிட்டுப் போங்க. நான் பின்னால வரேன்.”

அந்தப் பிரிவின் சரித்திரத்திலேயே நடக்காதது அது. பின்னால் வருபவர் முன்னால் போவது. பதினேழு கோணலாகத் திரும்பி, தெற்கு நோக்கி, தோன் நதியைத் தேடிப் போயிற்று.

பின்னால் பறந்தபோதுதான் அடுத்த ஆபத்து அவள் கண்ணில் பட்டது. இல்-2-இன் வயிற்றில் எண்ணெயைக் குளிரவைக்கும் பெட்டி ஒன்று தொங்கும். தரையிலிருந்து சுடுவார்கள் என்பதால், இலக்கை நெருங்கும்போது அதன் இரும்பு மூடியைச் சாத்திவிட்டுப் போவார்கள். அடித்து முடித்தவுடன் திறக்க வேண்டும். காற்றுப் படாவிட்டால் எண்ணெய் கொதித்து எஞ்சின் இறுகிப்போகும். சாவிச்சின் மூடி இன்னும் சாத்தியே இருந்தது. திறக்க இடது பக்கத்தில் ஒரு பிடியை நகர்த்த வேண்டும். இடது கைக்கு நேரம் இல்லாமல் போயிருந்தது.

எஞ்சின் நின்றால் விமானம் விழும். விழுந்தால் சர்வர் வெளியே தள்ளும். பிறகு திரையில் வெள்ளைப் புல்வெளி மட்டும்தான் இருக்கும், எங்கோ ஓர் அறையில் நாய் குரைத்துக்கொண்டிருக்கும்.

அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதலில் மூக்கைக் கொஞ்சம் தூக்குங்கள். இப்போது இடப்பக்கம் இறக்கையைத் தாழ்த்துங்கள், இன்னும் கொஞ்சம்; விட்டவுடன் அது வலப்பக்கம் விழப்போகிறது, அதற்காக முன்கூட்டியே கடன் கொடுத்து வைக்கிறோம். இப்போது கையை விடுங்கள். மூடியைத் திறங்கள்.

பதினேழு இடப்பக்கச் சாய்விலிருந்து மெல்ல நிமிர்ந்தது, நேரானது, வலப்பக்கம் சரிந்தது. இன்னும் சரிந்தது. தாயிஸியா அதன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடி திறக்கவில்லை. தடவுகிறாரோ, பிடி எங்கே என்று மறந்துபோயிற்றோ. விமானம் கவிழ்கிற நிலைக்குப் போனபோது மூடி பட்டென்று திறந்தது. கை திரும்ப வந்து பிடித்துக்கொண்டது.

அவளுடைய உள்ளங்கை வியர்த்து ஜாய்ஸ்டிக் வழுக்கியது. தொடையில் துடைத்துக்கொண்டாள்.

தோன் தெரிந்தது, உறைந்துபோன வெள்ளை வளைவாக. கூடவே அதற்கு மேலே இரண்டு கரும்புள்ளிகளும் தெரிந்தன. எதிரியின் மெஸ்ஸர்ஷ்மிட் சண்டை விமான ஜோடி. கோணலாக, மெதுவாகப் பறக்கும் ஓர் இல்-2-வைவிட அவர்களுக்கு நல்ல இரை கிடையாது. அவர்களுக்கு எதுவும் தெரியாது, தெரிவிக்க வழியும் இல்லை. அந்த வழியை அடைத்ததே ரோடியோனின் விதிதான். ரோடியோனோ ஒரு காதில் போனை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

தாயிஸியா இடப்பக்கம் பார்த்தாள். கோர்தேயின் விமானம் அங்கே இல்லை. சுடப்படவில்லை, விழவில்லை, இருந்த இடத்தில் வெறும் வானம் இருந்தது. இத்தனை நேரமும் ஒரு வார்த்தை பேச முடியாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவன், தானாகவே விளையாட்டை விட்டு வெளியேறிவிட்டான். வெளியே போனவனை எந்த ரேடியோ விதியும் கட்டாது. அவன் ஜெர்மன் சங்கத்துத் தலைவருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அது பிறகுதான் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், காக்க ஒருவன் குறைந்தான் என்பதுதான்.

புதியவன் லாவ்ர் யாரும் சொல்லாமலே மூக்கைத் தூக்கி அவர்களை எதிர்த்துப் போனான். முதல் மெஸ்ஸர் அவனைச் சட்டை செய்யவில்லை. நேராகப் பதினேழின் மேல் பாய்ந்தது. தாயிஸியா தன் விமானத்தைக் குறுக்கே கொண்டுபோய் வைத்தாள். குண்டுகள் அவள் இறக்கையைக் கிழித்தன. திரை அதிர்ந்தது. மெஸ்ஸர் மேலே ஏறி, திரும்பி, மறுபடி இறங்கியது. இந்தத் தடவை அவளால் நடுவில் போக முடியாது. அது அவளுக்கே தெரிந்தது.

மெஸ்ஸர் சுடவில்லை.

மிக அருகே வந்து, வேகத்தைக் குறைத்து, சக்கரங்களைக் கீழே இறக்கியது. பின்னால் வந்த இன்னொன்றும் சக்கரங்களை இறக்கியது. பறந்துகொண்டே சக்கரத்தை இறக்குவது அந்த வானத்தில் ஒரே ஒரு பொருள்தான் தரும்: நான் சண்டைக்கு இல்லை. இரண்டும் பதினேழுக்கு இருபுறமும் தள்ளி நின்று, கூடவே வந்தன.

நதியில் ஒரு வளைவு, அதில் வந்து விழும் ஆழமான ஓடைப்பள்ளம். பதினேழு அங்கே வட்டமிட ஆரம்பித்தது. கீழே வீடு என்று எதுவும் இல்லை. போர்க்காலத்து மேப்பில் அது வெறும் பனி. ரோடியோன் இன்றைய வரைபடத்தைத் திறந்து இரண்டையும் பொருத்தினான். நதியை நம்ப முடியாது, அணை கட்டிய பிறகு கரையே மாறிவிட்டது. ரயில் பாதை மாறவில்லை, ஓடைப்பள்ளமும் மாறவில்லை. பள்ளத்துக்கும் பாதைக்கும் நடுவே இன்று ஓர் ஊர் இருந்தது. பெஸ்கோவ்கா.

பெஸ்கோவ்காவா என்று கேட்டதும் இறக்கை ஆடியது. தெருப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். ஸதோவயா தெருவுக்கு ஆடியது. வீட்டு எண்ணுக்கு ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தால் பெட்ரோல் தீர்ந்துபோகும். அதனால் பாதி பாதியாக வெட்டினாள். இருபதுக்கு மேலா? ஆடவில்லை. பத்துக்கு மேலா? ஆடியது. பதினைந்துக்கு மேலா? இப்படிப் போனால் எவ்வளவு நீளமான தெருவும் ஏழெட்டுக் கேள்வியில் முடிந்துவிடும். கடைசிக் கேள்விக்குப் பதில் வரத் தாமதமாயிற்று. வட்டம் அகன்றுகொண்டே போனது. “சாவிச், பதினாலா?” என்று இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது வலது இறக்கை மட்டும் தாழ்ந்து எழுந்தது. தாயிஸியா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

ரோடியோன் போனில் முகவரியைக் கத்தினான். வண்டி கிளம்பிவிட்டது, அதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையும் பிடிக்கிறோம் என்றாள் அந்தப் பெண்.

“ரோடியோன், அந்தம்மா கிட்ட ஒண்ணு சொல்லு. யாரு முதல்ல உள்ள போறாங்களோ, அவங்க அவரைத் தூக்குறதுக்கு முன்னால மேசை மேல இருக்குற அந்தக் குச்சியைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் ஆட்டணும்.”

“எதை ஆட்டணும்?” என்று அந்தப் பெண் கேட்டது ரோடியோனின் மைக் வழியாகத் தாயிஸியாவுக்கே கேட்டது. “ஏங்க, ஆளைப் பாக்குறதா, குச்சியை ஆட்டுறதா?”

“ஆட்டினாத்தான் ஆளு போய்ச் சேந்தாச்சுன்னு எங்களுக்குத் தெரியும்” என்று தாயிஸியா சொன்னதை ரோடியோன் அப்படியே போனில் சொன்னான்.

“சரி, சொல்லித் தொலைக்கிறேன்.”

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றும் இல்லை. பதினேழு வட்டமிட்டது. தாயிஸியா பேசிக்கொண்டே இருந்தாள்; என்ன பேசினாள் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. பெல்மெனி ஆறிப்போனதைச் சொன்னாள், மெஸ்ஸர்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று சொன்னாள், பதினாலாம் வீட்டு நாய்க்கு என்ன பெயர் என்று கேட்டாள், பதில் வராது என்று தெரிந்தே கேட்டாள். வட்டம் சீராக இல்லை. தாழ்ந்தது. எழுந்தது. மறுபடி தாழ்ந்தது, இந்த முறை எழவில்லை.

விமானம் வட்டத்தை விட்டு விலகியது. வலது இறக்கை சரிந்தது, மூக்கு கவிழ்ந்தது, மெல்ல, மெல்ல. யாரும் பிடிக்காத விமானம் போகிற விதம் அது. இடது கையும் விட்டுவிட்டது.

“சாவிச்.”

பதினேழின் நிழல் பனியில் விழுந்து அதை நோக்கி வந்துகொண்டிருந்தது. இரண்டும் சேரும் இடத்தைத் தாயிஸியா பார்த்தாள். மெஸ்ஸர்களில் ஒன்று, எதற்கென்று தெரியாமலே, கீழே இறங்கி அதன் பக்கத்தில் பறந்தது. தாங்கிப் பிடிக்க முடியும் என்பது போல.

அப்போது பதினேழு வெறி பிடித்தது போல ஆடியது. இடம், வலம், இடம், வலம், இறக்கை நுனிகள் வானத்தையும் தரையையும் மாறி மாறிக் குத்தும்படி. இது சாவிச் இல்லை. விமானம் ஓட்டுவது என்றால் என்னவென்றே தெரியாத யாரோ, ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு, கீரை கடைவது போலக் கடைந்துகொண்டிருந்தார்கள். அதே ஆட்டத்தில் விமானம் பனியில் குத்தி உடைந்தது. தாயிஸியா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

குச்சியை ஆட்டியவள் பக்கத்து வீட்டுக்காரி. மாவு ஒட்டிய கையோடு ஓடி வந்தவள். சாவிச்சுக்கு மூச்சு இருந்தது, கண் திறந்திருந்தது. அடைபட்ட ரத்தக்குழாயை மருந்தால் திறக்கிற நேரம் தாண்டுவதற்கு முன்னால் அவரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். கால் முதலில் திரும்பிற்று. கை பாதி திரும்பிற்று. பேச்சு இன்னும் சொல் சொல்லாகத்தான் வருகிறது.

ரேடியோ விதியை எடுத்துவிடலாம் என்றான் ரோடியோன். வேண்டாம் என்று தாயிஸியாதான் சொன்னாள். பேச விதி விட்டிருந்தாலும் சாவிச்சால் பேசியிருக்க முடியாது, வேறு ஏதாவது வேண்டும். இப்போது பிரிவில் பறக்கும் ஒவ்வொருவரும் தங்கள் முகவரியையும் பக்கத்து வீட்டுக்காரரின் போன் எண்ணையும் ரோடியோனிடம் கொடுத்திருக்கிறார்கள். கிளம்பும் முன்னும், வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும், தலைவர் கேட்பார். பின்னால் வருபவர்கள் இடது காலால் மிதித்து மூக்கை இடப்பக்கம் காட்ட வேண்டும், வலது காலால் மிதித்து வலப்பக்கம் காட்ட வேண்டும், பிறகு நேராகப் பறந்துகொண்டே வேகத்தை ஒரு தடவை குறைத்துக் கூட்ட வேண்டும். இரண்டு காலும் இரண்டு கையும் இருந்தால்தான் இதைக் கோணாமல் செய்ய முடியும். கோணினால் காயமா, நடிப்பா என்று யாரும் கேட்பதில்லை. ரோடியோன் பக்கத்து வீட்டுக்குப் போன் போடுகிறான்.